மேல் வீட்டுத் தண்ணீர்

புக்கிட் பாத்தோக்கில் முப்பத்தெட்டு வருடம் பழசான ஒரு நாலறை வீட்டில், இரண்டு கழிவறைகளையும் ஒரே நாளில் உடைத்துவிடுவது என்று லியோனல் முடிவு செய்தபோது மூன்று பேர் அதை எதிர்த்தார்கள். மனைவி ஜெனிவீவ், கான்ட்ராக்டர் நசீர், மார்சிலிங்கில் இருக்கும் மைத்துனி. மூன்று பேரும் எதிர்த்ததால் அது சரியான முடிவாகத்தான் இருக்கும் என்று அவருக்குப் பட்டது.

லியோனலுக்கு ஐம்பத்தெட்டு வயது. லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில் சூப்பர்வைசர். முப்பது வருடமாக லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுத்து எடுத்து, தனக்குத் தெரியாத மெஷின் இந்தத் தீவில் இல்லை என்ற எண்ணம் வந்துவிட்டிருந்தது. ஜெனிவீவ் பாலர் பள்ளி ஆசிரியை. முழங்கால் தேய்ந்துபோய், வீட்டின் பொதுக் கழிவறையில் குந்தி உட்காரும் பேசினிலிருந்து எழுந்திருப்பதே அவருக்குப் பெரும்பாடு. ஒருநாள் கதவுக் கைப்பிடியைப் பிடித்து எழுந்தார். அவர் எழவில்லை, கைப்பிடி கையோடு வந்தது. வீட்டைப் புதுப்பிக்கும் பேச்சு அன்றைக்கு ஆரம்பமானது.

நசீருக்கு டன்லப் ஸ்ட்ரீட்டில், ஒரு பிரியாணிக் கடைக்கு மேலே சின்ன ஆபீஸ். வீட்டைப் பார்க்க வந்தவர், டேப் பிடித்து அளந்துவிட்டுச் சொன்னார்.

"அண்ணே, முதல்ல ஒரு டாய்லட். அது முடிஞ்சதும் இன்னொண்ணு. ஆளு இருக்கிற வீட்டுல அப்படித்தான் செய்வோம். ஒரு மாசம் ஆகும்."

"ரெண்டையும் ஒண்ணா உடைச்சா?"

"ரெண்டே வாரம். ஆனா நீங்க எங்க போவீங்க?"

"அது என் பிரச்சினை லா."

"ஹால்ல ஒரு மூலையில தற்காலிகமா ஒரு பேசின் வச்சு, திரை கட்டித் தர்றேன்."

"ஹால்லயா? திரு இருதயப் படத்துக்கு நேரா என்னை உக்காரச் சொல்றியா?"

நசீர் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தார். யேசுநாதரும் அவரைப் பார்த்தார். நசீர் மரியாதையாக ஒரு அடி பின்வாங்கி, அந்த யோசனையைக் கைவிட்டார்.

மைத்துனி வீட்டுக்குப் போகலாம் என்றால், அங்கே மைத்துனியின் கணவர் தினமும் சாயங்காலம் மைக் பிடித்துக் கரோக்கே பாடுவார். கழிவறை இல்லாமல்கூட இருந்துவிடலாம், அந்தக் குரலோடு இருக்க முடியாது என்று லியோனல் சொல்லிவிட்டார்.

"அப்ப மேல பிலோமினாக்கா வீடு இருக்கு. நான் கேக்கிறேன்," என்றார் ஜெனிவீவ்.

"அந்தம்மா பேரை இந்த வீட்டுல எடுக்காதே."

அந்தம்மா என்பது பிலோமினம்மாள். நேர் மேலே, எட்டாவது மாடி. எழுபத்தொரு வயது. ஆஸ்பத்திரியில் நாற்பது வருடம் அட்டெண்டன்டாக இருந்து ஓய்வு பெற்றவர். கணவர் அருளானந்தம் இறந்த பிறகு தனியாக இருக்கிறார். இரண்டு குடும்பமும் ஒரே கோயில், ஒரே தமிழ்ப் பூசை. ஒரு காலத்தில் கிறிஸ்துமஸ் பலகாரத் தட்டு மாடிப்படியில் மேலும் கீழும் போய்வந்துகொண்டிருந்தது. அதை நிறுத்தியது தண்ணீர்.

லியோனலின் படுக்கையறையோடு சேர்ந்த கழிவறையில், பல வருடங்களுக்கு முன்னால் சீலிங்கிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்தது. மேலே இருப்பது பிலோமினம்மாளின் கழிவறை. தண்ணீர் மேலிருந்து கீழேதான் வரும். இதற்கு மேல் யோசிக்க என்ன இருக்கிறது? லியோனல் ஒரு பள்ளிக்கூட நோட்டு வாங்கி, சொட்டிய நேரத்தையெல்லாம் எழுதினார். காலை ஐந்தரை மணிக்கு, மேலே பிலோமினம்மாள் குளிக்கும் சத்தம். ஐந்தே முக்காலுக்குக் கீழே சொட்டு. நாள் தவறாமல் இப்படி. ஒரு தடவை குடும்பத்தோடு மூன்று வாரம் வேளாங்கண்ணி போய்வந்தார்கள். அந்த மூன்று வாரமும் சீலிங் காய்ந்து கிடந்திருக்கிறது. ஆள் இல்லாத வீட்டில் சொட்டவிட்டு என்ன பிரயோஜனம் என்று அந்தம்மா நிறுத்தி வைத்திருந்ததாக லியோனல் முடிவுகட்டினார். கசிவைப் பார்க்க வந்த வீடமைப்பு அதிகாரி, இரண்டு வீட்டையும் சேர்த்துத் திறந்து பார்க்கவேண்டும் என்றார். புது ஃபால்ஸ் சீலிங்கை உடைக்க விடமாட்டேன் என்று லியோனல் வாசலிலேயே நின்றுகொண்டார்.

பிறகு ஊரெல்லாம் சொன்னார். அடுக்குமாடி புளோக்கில் சொன்னார், கீழே காப்பிக்கடையில் சொன்னார், வட்டார ஜெபக் கூட்டத்தில் 'நமக்குத் தீங்கு செய்வோருக்காக' ஒரு மன்றாட்டு வைத்து, எல்லாரும் எட்டாவது மாடியை நினைத்துக்கொள்ளும்படி இருமினார். கடைசியில் பிலோமினம்மாள் தன் கழிவறைத் தரையை முழுவதும் உடைத்துப் புதிதாகப் போட்டார். அப்போதும் சொட்டு நிற்கவில்லை. 'சீப்பான கான்ட்ராக்டரைப் பிடிச்சிருப்பாங்க' என்றார் லியோனல். அந்த வார்த்தை ஒரு மணி நேரத்தில் எட்டாவது மாடிக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றிலிருந்து எட்டு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. பூசையில் சாமியார் 'ஒருவருக்கொருவர் சமாதானம் தெரிவித்துக்கொள்வோம்' என்று சொல்லும்போது, லியோனல் முன்னால் பின்னால் வலப்பக்கம் எல்லாம் கும்பிட்டுவிட்டு, இடப்பக்கம் மட்டும் கழுத்து சுளுக்கிக்கொண்டவர் மாதிரி நிறுத்திக்கொள்வார். பிலோமினம்மாள் இடப்பக்கம் உட்காருவார்.

ஆகவே லியோனல் இரண்டு வாரம் லீவு போட்டுவிட்டு, கழிவறை இல்லாத வீட்டில் வாழத் தயாரானார்.

முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு நசீரும், அவரிடம் வேலை செய்யும் கோவிந்தசாமியும் வந்தார்கள். கோவிந்தசாமி நாற்பதைத் தாண்டிய புதுக்கோட்டைக்காரர். எந்தச் சுவரையும் ஒரு தட்டுத் தட்டி அதன் வயதைச் சொல்லிவிடுவார். முதலில் படுக்கையறைக் கழிவறையின் ஃபால்ஸ் சீலிங்கைப் பிரிக்கவேண்டும். லியோனல் இதற்காகவே போனை சார்ஜ் போட்டு வைத்திருந்தார். இத்தனை வருட அநியாயம் இன்றைக்கு வீடியோவில் பதிவாகப்போகிறது.

"நசீரு, மேல் ஸ்லாப்புல எங்க ஊறியிருக்குன்னு கையால காட்டிச் சொல்லு. சத்தமா சொல்லு."

கோவிந்தசாமி பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். நசீர் ஏணியில் ஏறி டார்ச் அடித்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அண்ணே, ஸ்லாப் காஞ்சு கிடக்கு."

"நல்லாப் பாரு."

"தொட்டே பாத்துட்டேன். அப்பளம் மாதிரி காஞ்சிருக்கு. மேல் வீட்டுலேர்ந்து ஒரு பொட்டுத் தண்ணி வரல."

"அப்ப சொட்டுறது?"

"இது இங்க சீலிங்குக்கு மேல இருக்கிற உங்க ஹீட்டர் தண்ணி. டாங்கியில ஒரு வால்வு இருக்கில்ல, தண்ணி சூடாகிறப்ப அது கொஞ்சம் வெளிய துப்பும். அதை ஒரு ஹோஸ் போட்டுக் கீழ வரைக்கும் இறக்கணும். யாரோ ஹோஸை வால்வுல மாட்டிட்டு, இன்னொரு முனையைச் சீலிங் மேலயே சுருட்டிப் போட்டுட்டுப் போயிருக்கான். தினம் ஹீட்டர் போட்டா தினம் சொட்டும். எவன் அண்ணே இந்த வேலையைச் செஞ்சது?"

லியோனல் போனைத் தாழ்த்தினார். அந்த ஹீட்டரை மாட்டியது அவர்தான். ஒரு சனிக்கிழமை, ஆளைக் கூப்பிட்டால் தண்டம் என்று தானே ஏறி மாட்டினார். ஹோஸ் இரண்டு அடி போதவில்லை. அடுத்த வாரம் நீளமானது வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று சுருட்டி வைத்துப் பலகையை மூடினார். அவர் காலை ஐந்தரைக்கு ஹீட்டர் சுவிட்சைப் போடுவார். ஐந்தே முக்காலுக்கு அது கொதித்துத் துப்பும். ஜெனிவீவ் பொதுக் கழிவறையில் பச்சைத் தண்ணீரில் குளிப்பவர். வேளாங்கண்ணி போனபோது ஹீட்டர் போட ஆள் இல்லை.

"பழைய கான்ட்ராக்டர்," என்றார் லியோனல்.

"மடப்பய."

"ஆமா."

போன் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. லியோனல் அதை நிறுத்தி, வீடியோவை அழித்து, அழித்த படங்கள் போய்ச் சேரும் இடத்துக்கும் போய் அங்கேயும் அழித்தார். "ரெண்டு பேரும் இதை யாருகிட்டயும் சொல்லவேண்டாம். பழைய கான்ட்ராக்டர் பாவம்," என்றார். நசீர் தலையாட்டினார். கோவிந்தசாமி அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு உடைக்கும் மெஷினை எடுத்தார். பிறகு ஐந்து மணி வரைக்கும் யாரும் யாரோடும் பேச முடியாத சத்தம்.

மறுநாளே ஜெனிவீவ் புருஷனைக் கேட்காமல் மேலே போய்ப் பேசிவிட்டார். காலையும் மாலையும் துண்டோடு எட்டாவது மாடிக்குப் போய், தலை குளித்து, சில நாள் இட்லியும் சாப்பிட்டுவிட்டு மலர்ந்த முகத்தோடு இறங்கி வந்தார். "உங்களையும் வரச் சொன்னாங்க. மனுஷனுக்கு அவசரம்னா என்ன பகைன்னு கேட்டாங்க," என்றார்.

"நான் பாத்துக்கிறேன்."

லியோனல் பார்த்துக்கொண்ட விதம் இப்படி. காலைக் கடனுக்குக் கீழே காப்பிக்கடை. அங்கே சுவருக்கு அந்தப் பக்கம் மீன் சூப் கொதிக்கும். குளிக்கப் பொது நீச்சல் குளம். டிக்கெட் வாங்கி உள்ளே போய், நீந்தாமல் ஷவரில் சோப்புப் போட்டுக்கொண்டு வருவார். மூன்றாம் நாள், கழுத்து வரைக்கும் நுரையோடு நின்றவரை உயிர்காப்பாளர் பார்த்து, அங்கிள் நீந்த வந்தீங்களா குளிக்க வந்தீங்களா என்று கேட்டார். அன்றைக்கு மானத்துக்காக இரண்டு ரவுண்டு நீந்தி, மாலையெல்லாம் தோள்பட்டை வலியோடு கிடந்தார். வீடு முழுக்கச் சிமெண்டுத் தூசி. பிளாஸ்டிக் போட்டு மூடியும் சோற்றில் மணல், தலையணையில் மணல். ஜெனிவீவ் அவர் வீம்பைத் திட்டினார். வீம்பு போய் எத்தனையோ நாளாகிவிட்டது, இப்போது இருப்பது வெட்கம் என்று அவரால் சொல்ல முடியவில்லை.

ஏழாம் நாள் குழாய் தேர்ந்தெடுக்க லியோனல் நசீரின் ஆபீசுக்குப் போனார். வேலை முடிந்ததும் தேக்காவில் நசீரே ஆட்டிறைச்சி பிரியாணி வாங்கிக் கொடுத்தார். லியோனல் இரண்டு தட்டுச் சாப்பிட்டு, மேலே ஒரு பெரிய டம்ளர் ஐஸ் போட்ட கரும்புச் சாறும் குடித்தார். தவறு பிரியாணி மேல் இல்லை. வாரம் முழுக்கக் காப்பிக்கடைக் கழிவறைக்குப் பயந்து வயிற்றை அடக்கி அடக்கி வைத்திருந்தார். அது இன்றைக்குப் பொறுமை இழந்தது.

ஊட்ரம் பார்க்கில் ரயில் மாறும்போது முதல் எச்சரிக்கை வந்தது. வீட்டுக்குப் போய்விடலாம் என்று நினைத்தார். வீட்டில் கழிவறை இல்லை என்பது ஜூரோங் ஈஸ்ட்டில்தான் நினைவுக்கு வந்தது. புக்கிட் பாத்தோக்கில் இறங்கி, முட்டியை அதிகம் விரிக்காமல் நடந்து காப்பிக்கடைக்கு வந்தால், வாசலில் மூன்று பேர் நின்றார்கள். உள்ளே இருப்பவர் பேப்பரோடு போயிருக்கிறார் என்றார் வரிசையில் முதலில் நின்றவர்.

லிஃப்ட்டில் ஏறி, தன் வீடு இருக்கும் ஏழாவது மாடியை அழுத்தினார். கதவு திறந்தது. கோவிந்தசாமியின் மெஷின் சத்தம் கேட்டது. கதவு மூடுவதற்குள் எட்டை அழுத்தினார்.

பிலோமினம்மாள் கிரில் கேட்டுக்குப் பின்னால் வந்து நின்றார். லியோனல் வாயைத் திறந்தார். "அக்கா..." என்பதற்கு மேல் வரவில்லை. நாற்பது வருடம் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தவருக்கு அந்த முகத்தைப் படிக்க அரை நொடி போதும்.

"நேரா போ. செருப்பைக் கழட்டாதே, நேரமில்ல."

இருபது நிமிடம் கழித்து லியோனலுக்கு உலகம் திரும்பக் கிடைத்தது. அப்போதுதான் காலடியில் இருந்த தரையைப் பார்த்தார். சாம்பல் நிற டைல். ஓரமெல்லாம் நேர்த்தியாகப் பூசியிருந்தது. சீப்பான கான்ட்ராக்டர் செய்த வேலை இல்லை. தன் வாயால் போடவைத்த தரை அது என்று உணர்ந்தபோது, உட்கார்ந்த இடத்தில் உட்கார முடியாமல் எழுந்தார்.

வெளியே வந்தால் மேஜையில் பால் இல்லாத டீயும் இரண்டு பிஸ்கட்டும் இருந்தன.

"குடி. வயிறு கட்டும்."

"வேண்டாம்க்கா, நான் கிளம்புறேன்."

"உக்காருன்னா உக்காரு. திரும்ப வரும். எனக்குத் தெரியும்."

உட்கார்ந்தார். இந்த வீட்டிலும் ஹாலில் ஒரு திரு இருதயப் படம். அதற்குப் பக்கத்தில் அருளானந்தத்தின் படம், காதை மறைக்கும் முடியோடு சிரித்துக்கொண்டு.

"ரெண்டு டாய்லட்டையும் ஒண்ணா உடைச்சிட்டியாமே," என்றார் பிலோமினம்மாள். "ஜெனிவீவ் சொன்னா. நான் உடைச்சப்பவும் இதே கூத்துதான். இவர் அப்ப படுத்துட்டாரு. கிட்னி போயிடுச்சு. இன்னொரு டாய்லட் குந்துற மாதிரி, அவரால உக்கார முடியாது. ஆஸ்பத்திரி கமோடு நாற்காலியைக் கொண்டாந்து, இதோ நீ உக்காந்திருக்கிற இடத்துல போட்டேன். பத்து நாள்."

லியோனல் நாற்காலியில் கொஞ்சம் நகர்ந்தார்.

"எனக்கு மனசு கேக்கல. திரு இருதயப் படத்தைச் சுவத்துப் பக்கமா திருப்பி வச்சேன். இவர் என்ன சொன்னாரு தெரியுமா? 'அவரு பாக்காததா? திருப்பி வை, பேச்சுத் துணைக்கு ஆள் வேணும்'னாரு." பிலோமினம்மாள் சிரித்தார். "அதுக்கப்புறம் நாலு மாசந்தான் இருந்தாரு."

"அக்கா, நீங்க அப்ப உடைக்காம இருந்திருக்கலாமே. ஆளு அப்படி இருக்கிறப்ப..."

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன். இவர்தான் கேக்கல. 'தண்ணி நம்மளது, கீழ இருக்கிறவன் எத்தனை வருஷம் பொறுத்துக்குவான்'னாரு. உடைச்சும் நிக்கலன்னு நீ சொன்னே. எங்க தப்பு விட்டோம்னு இவருக்கு ஒரே யோசனை. கடைசி வரைக்கும் கேட்டுட்டே இருந்தாரு, லியோனல் வீட்டுல நின்னுடுச்சான்னு."

லியோனல் பிஸ்கட்டை டீயில் நனைத்தார். அது உடைந்து உள்ளே விழுந்தது. அதை எடுக்கும் சாக்கில் தலையைக் குனிந்துகொண்டு, டீயை அப்படியே குடித்துவிட்டு ஓடிவந்தார்.

சனிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குப் போய்ப் பாவசங்கீர்த்தனத்துக்கு உட்கார்ந்தார். அவர் போட்ட திட்டம் எளிமையானது. சாமியாரிடம் சொல்லிவிட்டால் ஆண்டவருக்குத் தெரிந்துவிடும். ஐம்பத்துமூணு மணி ஜெபமாலை சொல்லச் சொல்வார். சொல்லிவிடலாம். விஷயம் அதோடு முடிந்தது. ஹீட்டர், வால்வு, ஹோஸ் எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னார். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு இருமல் கேட்டது. சாமியார் சிரிப்பை அடக்குகிறாரோ என்று லியோனலுக்குச் சந்தேகம் வந்தது. அருளானந்தத்தின் நாற்காலியைச் சொன்னபோது அந்தச் சந்தேகம் போய்விட்டது.

"அந்த அம்மாகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றார் சாமியார்.

"அதுக்குத்தான் ஃபாதர் உங்ககிட்ட வந்தேன்."

"என் வீட்டுத் தரையை நீங்க உடைக்க வைக்கலையே. போய் அவங்ககிட்ட சொல்லுங்க."

"ஜெபமாலை ஏதாவது..."

"அது அப்புறம்."

வீட்டுக்கு வந்தார். ஜெனிவீவ் சமையலறையில், பிளாஸ்டிக் உறைக்கு நடுவில் அடுப்பை வைத்துக்கொண்டு மீ கோரிங் நூடுல்ஸ் கிளறிக்கொண்டிருந்தார். லியோனல் சிமெண்டு மூட்டையின் மேல் உட்கார்ந்தார்.

"ஜெனி, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த சீலிங் தண்ணி..."

"ஹீட்டர் ஹோஸ்தானே?"

லியோனல் நிமிர்ந்தார்.

"முதல் நாள் சாயங்காலமே கோவிந்தசாமி சொல்லிட்டாரு. ஏன் மேடம் சார் இப்படி வேர்த்துப்போயிருக்காருன்னு கேட்டு, அவரே காரணமும் சொன்னாரு. அந்த ஹீட்டரை யாரு மாட்டுனதுன்னு எனக்குத் தெரியாதா? ஏணியைப் பிடிச்சதே நான்தான்."

"தெரிஞ்சும் தினம் அவங்க வீட்டுல போய்க் குளிச்சிட்டு வர்றியா? ஒரு வார்த்தை சொல்லலயா?"

"நான் ஏன் சொல்லணும்? ஹோஸை நான் சுருட்டி வச்சேனா? நீங்களா சொல்றீங்களான்னு பாத்துட்டிருந்தேன். எட்டு நாளாச்சு." கரண்டியை அடுப்பு ஓரத்தில் தட்டினார். "சாப்பிட்டுப் போங்க. வெறும் வயித்துல திட்டு வாங்க முடியாது."

அவர் சாப்பிடாமல் போனார். இந்தத் தடவை செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னார். பிலோமினம்மாள் மடியில் வைத்திருந்த துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே கேட்டார். ஒரு தலையணை உறை, ஒரு துண்டு, இன்னொரு துண்டு. லியோனல் முடித்த பிறகும் இரண்டு துணி மடித்தார்.

"அந்த ஹோஸ் எங்க?"

"கீழ, குப்பை மூட்டையில இருக்கு."

"எடுத்துட்டு வா."

எடுத்து வந்தார். இரண்டு முழ நீளத்துக்கு, மஞ்சளாகிப்போன வெள்ளை ரப்பர். பிலோமினம்மாள் அதைக் கையில் வாங்கி ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் விரலால் தடவிப் பார்த்தார்.

"இதுக்கா?" என்றார். ஹோஸை இரண்டாக மடித்தார். "இந்தச் சனியனுக்கா அந்த மனுஷனை ஹால்ல உக்கார வச்சேன்?"

"அக்கா, மன்னிச்..."

"வாயை மூடு. மன்னிப்பு கேட்டா நான் மன்னிக்கணும். எனக்கு இப்ப அதுல இஷ்டமில்ல." ஹோஸை லியோனலின் நெஞ்சில் வைத்துத் தள்ளினார். "எங்க தண்ணின்னு யார் யார்கிட்ட சொன்னே?"

"நிறையப் பேருகிட்ட."

"பேரைச் சொல்லு."

லியோனல் சொன்னார். பாதியிலேயே அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. பல் டாக்டரிடம்கூடச் சொல்லியிருக்கிறார், வாயில் பஞ்சு வைத்த நிலையில்.

"அத்தனை பேர்கிட்டயும் போய்ச் சொல்லு. இதைக் கையில எடுத்துட்டுப் போ. இல்லன்னா ஒருத்தனும் நம்பமாட்டான். அதுக்கெல்லாம் முன்னாடி, முதல்ல அவருகிட்ட போய்ச் சொல்லு. கேட்டுட்டே இருந்தாரே." அருளானந்தத்தின் படத்தைக் காட்டினார். "அப்புறம் இன்னொண்ணு. ஜெனிவீவ் எப்ப வேணாலும் வரலாம். நீ காப்பிக்கடைக்கே போ."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் லியோனல், அஸ்திப் பேழைகள் வைத்திருக்கும் கட்டடத்துக்குப் போனார். மூன்றாவது வரிசையில், கண் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழே, அருளானந்தம். லியோனல் குனிந்து நின்றார். பையிலிருந்து ஹோஸை எடுத்தார். பக்கத்தில் பூ வைக்க வந்த ஒரு சீனக் குடும்பம் மெல்ல இரண்டு வரிசை தள்ளிப் போனது.

"அண்ணே, நின்னுடுச்சு," என்றார். அதுதான் முதலில் வந்தது. பிறகு, "உங்க தண்ணி இல்ல. எப்பவுமே உங்கது இல்ல. என்னோடது," என்றார். ஹீட்டரைப் பற்றி விளக்க ஆரம்பித்தார். வால்வு வரைக்கும் வந்தபோது அழுகை வந்துவிட்டது. லிஃப்ட்டில் மாட்டிக்கொண்டவர்கள் அழுவதை அவர் நிறையப் பார்த்திருக்கிறார். தான் அழுவதைப் பார்க்க அவருக்குப் பழக்கமில்லை. அசிங்கமாக, மூக்கெல்லாம் ஒழுக அழுதார். கைக்குட்டை இல்லாததால் சட்டையிலேயே துடைத்துக்கொண்டார்.

மற்றவர்களிடம் சொல்வது வேறு விதமான தண்டனையாக இருந்தது. அவர்களுக்குப் பாதி ஞாபகம் இல்லை. ஏழாவது மாடி மலாய் அம்மா, ஹீட்டராகத்தான் இருக்கும் என்று தான் அப்போதே சொன்னதாகவும் லியோனல்தான் கத்தியதாகவும் சொன்னார். காப்பிக்கடையில் தியோ அங்கிள், லியோனல் ஹோஸ் விற்க வந்திருப்பதாக நினைத்துக்கொண்டு எவ்வளவு என்று கேட்டார். பல் டாக்டரின் ரிசப்ஷனில் இருந்த பெண், இதற்கு அப்பாயின்ட்மென்ட் வேண்டுமா என்று குழம்பிப்போனாள். வட்டார ஜெபக் கூட்டத்தில் லியோனல் எழுந்து ஹோஸைத் தூக்கிக் காட்டியபோது, கூட்டத்தை நடத்தும் ஜோனா அதை ஏதோ விவிலிய விளக்கம் என்று நினைத்துத் தலையாட்டினார். விஷயம் புரிந்ததும் யாரோ சிரித்தார்கள். பிறகு பலர் சிரித்தார்கள். கடைசி வரிசையில் பிலோமினம்மாள் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். லியோனல் கடைசி வரைக்கும் சொல்லி முடித்தார். நாற்காலியைப் பற்றியும், பத்து நாளைப் பற்றியும் சொன்னார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை. பிலோமினம்மாள் ஜெபமாலையைக் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டு, பலகாரம் சாப்பிடாமல் போய்விட்டார்.

கழிவறைகள் பதினெட்டாம் நாள் முடிந்தன. தரையில் ஒருநாள் முழுக்கத் தண்ணீர் தேக்கிவைத்துச் சோதித்தார்கள். கீழே ஆறாவது மாடிக்காரர் வீட்டுக்கு லியோனலே போய், சீலிங்கைக் கையால் தடவித் தடவிப் பார்த்தார். அந்த ஆள் பயந்தே போனார். புது ஹீட்டரை நசீர் மாட்டினார். லியோனல் ஏணிக்குப் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஜெனிவீவ் உயரமான புது பேசினில் உட்கார்ந்து, எதையும் பிடிக்காமல் எழுந்து, கதவைத் திறந்து வெளியே வந்து, கைகளை இரண்டு பக்கமும் விரித்துக் காட்டினார். கோவிந்தசாமி கைதட்டினார்.

பூசையில் லியோனல் இப்போது இடப்பக்கமும் திரும்பிக் கும்பிட்டார். பிலோமினம்மாள் பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரமும் அப்படித்தான். அதற்கடுத்த வாரங்களிலும். லியோனல் கும்பிடுவதை நிறுத்தவில்லை. லிஃப்ட்டில் இரண்டு பேரும் சேர்ந்து ஏறும்படி ஆனால், எட்டு மாடியும் மௌனமாகப் போனது. அவர் வேண்டுமென்றே ஏழில் இறங்காமல் எட்டு வரை போய், கதவைப் பிடித்துக்கொண்டு அந்தம்மாவை இறக்கிவிட்டுவிட்டுப் படியில் இறங்கி வருவார். அதற்கும் ஒரு வார்த்தை கிடையாது.

மூன்று மாதம் போயிருக்கும். ஒரு சனிக்கிழமை காலை கிரில் கேட் தட்டும் சத்தம். பிலோமினம்மாள் நின்றுகொண்டிருந்தார். முன்கை முழுக்க ஈரம்.

"என் வீட்டு சமையல்கட்டுக் குழாய் ஒழுகுது."

லியோனல் நாலெட்டில் ஸ்டோர் ரூமுக்குப் போய் டூல் பாக்ஸை எடுத்துக்கொண்டு, பனியனோடு படியேறி ஓடினார். மேலே போய், ஒழுகும் குழாய்க்குக் கீழே வாளி வைத்திருந்த சிங்க்குக்கு அடியில் குனிந்து, ஸ்பானரைத் தூக்கினார்.

"ஏய், நிறுத்து. கை வைக்காதே."

"ஒரு வாஷர் மாத்தினா போதும்க்கா. ரெண்டு நிமிஷ வேலை."

"உன் கைவேலை என்னன்னு எனக்குத் தெரியும். அந்த நசீர் நம்பரைக் குடு. அதுக்குத்தான் வந்தேன். நீ கேக்காம ஓடி வந்துட்டே."

லியோனல் சிங்க்குக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். நம்பரைச் சொன்னார். பிலோமினம்மாள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு எண்ணாகப் போனில் அழுத்தினார். நசீர் ஒரு மணி நேரத்தில் வருவதாகச் சொன்னார்.

"அதுவரைக்கும் வாளி நிரம்பிடும்," என்றார் லியோனல், குழாயைப் பார்த்துக்கொண்டு.

"ஆமா. நிரம்ப நிரம்பக் கொட்டணும். எனக்கு இடுப்பு முடியாது."

அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு வாளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிலோமினம்மாள் ஹாலுக்குப் போய் டிவியைப் போட்டார். அரை வாளி நிறைந்ததும் லியோனல் எடுத்துச் சிங்க்கில் கொட்டிவிட்டுத் திரும்ப வைத்தார்.

"சிந்தாம கொட்டு," என்று ஹாலிலிருந்து குரல் வந்தது.

"சரிக்கா," என்றார் லியோனல்.